சூடேறினால் பேசும் லாரி

ஐந்தாம் அத்தியாயம்

ஆழ்வார்குறிச்சி நமச்சிவாயம் பிள்ளையின் உயிருக்கு விலை முந்நூறு ரூபாய். விலை போட்டவர் லாரி முதலாளி நெல்லையப்பன். போட்டதோடு நிற்காமல், பணத்தை ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி, மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

அந்தத் தட்டு இப்போது முருகன்குறிச்சியில் எங்கள் ஆபீஸ் மேஜை மேல் இருந்தது. பழம் மட்டும் இல்லை.

"பழத்தை மாட்டுக்குப் போட்டுட்டேன். பணத்தை மாடு திங்காது. அதான் இங்கன கொண்டாந்தேன்" என்றார் பிள்ளையின் மனைவி சொர்ணாம்பாள்.

பதினாறு முடிந்த மறுநாளே வாசல் தாண்டிய பெண்ணைப் பற்றி ஆழ்வார்குறிச்சி என்னென்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மாளுக்கும் தெரியும். தெரிந்தே வந்திருந்தார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அழுகையை எங்கோ பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, சாவியோடு வந்தவர் மாதிரி இருந்தார்.

எங்கள் ஆபீஸ் என்றால் இரண்டே பேர். துப்பறிவாளர் பாக்கியசீலன் ஒருவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடிய கப்பல்களில் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கரை இறங்கும்போது காதுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது. பொய் பேசினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். இன்னொருவன் நான், தாவூது. பேட்டையில் ஜவுளிக்கடைக்காரர் மகன். எட்டு முழ வேட்டியை ஒன்பது முழம் என்று விற்ற குடும்பம் என்று எங்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. பொறாமை பிடித்தவர்கள்.

யாரும் கேட்காமலே ஒருவன் பணத்தை நீட்டினால், அவன் வாங்க வந்த சரக்கு வேறு என்று எங்கள் வாப்பா எனக்கு மீசை முளைக்கும் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். தட்டைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எப்போதாவது இருப்பேன்.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார் பாக்கியசீலன்.

"அந்த லாரி ஓட்டுன சிலுவையைத் தூக்குல போடணும்."

"அதுக்கு சர்க்கார் இருக்கே."

"சர்க்கார் வக்கீலு ரெண்டு வருசந்தான் கிடைக்கும்ங்காரு. எங்க வீட்டு வெங்கலப் பானையைத் திருடினவனுக்கு மூணு வருசம் குடுத்தாங்க. சரி, ரெண்டாவது கிடைக்கட்டும்னு பார்த்தா, அவனுக்கு வந்திருக்க வக்கீலு, சத்தத்தை வச்சு ஒருத்தனை உள்ள போட முடியுமா, எந்த லாரிதான் சத்தம் போடலைன்னு கேக்குதாராம். நீங்க எஞ்சின் தெரிஞ்சவரு. கோர்ட்டுல ஏறி, இது இந்த வண்டிச் சத்தந்தான்னு சொல்லணும். கேஸோட முடிச்சு அவிழக்கூடாது. கூலிக்கு அந்த முந்நூறை எடுத்துக்கிடுங்க. முதலாளி பணத்துலயே அவன் ஆளு உள்ள போகட்டும்."

நடந்தது இது. முதல் உலக யுத்தம் முடிந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருந்த மாசி மாதம். பிள்ளையும் அம்மாளும் கூண்டு வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சேரன்மகாதேவி தாண்டி ஒரு வளைவில், பொழுது இருட்டுகிற நேரம், எதிரே ஒரு மோட்டார் லாரி இரையும் சத்தம் கேட்டு மாடுகள் மிரண்டன. பிள்ளை இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். விளக்கு ஏற்றாமல் வந்த லாரி அவரை அடித்துப் போட்டுவிட்டு, நிற்காமல் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டது. வண்டிக்காரன் சரிந்து விழுந்து மயங்கிக் கிடந்தான். அம்மாள் திரைக்குப் பின்னால் இருந்தார். பார்த்தது திரையை மட்டும். கேட்டது எல்லாவற்றையும்.

அந்த ரஸ்தாவில் அன்று ஓடிய லாரிகள் இரண்டு. இரண்டும் நெல்லையப்பனுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துக் களைத்த கிழட்டு வண்டிகளைத் தூத்துக்குடித் துறையில் இறக்கி, பச்சை வர்ணம் அடித்து, பாபநாசம் மில்லிலிருந்து நூல் பேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை ஓட்டியவன் புன்னக்காயல் சிலுவை. இன்னொன்றை ஓட்டியவன் ஆறுமுகநயினார், முதலாளியின் மனைவிக்குத் தம்பி. இருட்டுவதற்கு முன்பே திருநெல்வேலி வந்து சேர்ந்தது நான்தான் என்றான் சிலுவை. இல்லை, நயினார்தான் முந்தி வந்தான், சிலுவை பொழுது சாய்ந்துதான் வந்தான் என்றார் முதலாளி. முதலாளி சொன்னது எடுபட்டது. மறுநாள் காலையில் போலீஸ் இரண்டு வண்டிகளையும் கிளப்பிக் காட்டியது. நயினார் வண்டி சாதுவாக இருந்தது. சிலுவை வண்டி தட்டியது. அம்மாள் கை நீட்டினார்.

"அந்தச் சத்தத்தை இந்த மேஜையில தட்டிக் காட்டுங்க" என்றார் பாக்கியசீலன்.

அம்மாள் கண்ணை மூடினார். முட்டியால் மேஜையைக் குத்தினார். நகத்தால் தட்டைச் சுண்டினார். குப், குப், குப், குப். டக். குப், குப், குப், குப். டக். பாக்கியசீலன் உள்ளங்கையை மேஜை மேல் விரித்து வைத்துக் 'கேட்டார்'.

"நாலு குப்புக்கு ஒரு டக்கு. மாறவே இல்லையா?"

"தூக்கத்துலயும் மாறல."

"எஞ்சினுக்கு நாலு சிலிண்டரு. நாலும் ஒருக்கா வெடிச்சு முடியுததுக்குள்ள ஒவ்வொரு வால்வும் ஒரே தடவைதான் ஏறி இறங்கும். அப்ப இது ஒத்தை வால்வு போடுத சத்தம். இவ்வளவு தெளிவா எங்கிட்ட யாரும் சாட்சி சொன்னதில்ல, அம்மா. வேற ஏதாவது உண்டா?"

"வாடை. விளக்கெண்ணெய் கருகுன வாடை. போலீசுல சொன்னேன். உங்க வண்டி அச்சுக்குப் போட்ட எண்ணெயா இருக்கும்னுட்டாங்க."

"அச்சு எண்ணெய் கருகுத வேகத்துக்கு ஓடுத மாடா? அந்த ஜோடியை எனக்கு விலை பேசி விடுங்கம்மா" என்றேன்.

அம்மாள் சிரிக்கவில்லை. பாக்கியசீலன் பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

பாளையங்கோட்டை போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் லூர்து மேரி உட்கார்ந்திருந்தாள். சிலுவையின் மனைவி. மடியில் ஒரு தூக்குவாளி, துணி சுற்றியிருந்தது. சொர்ணாம்பாளின் வண்டி வாசலில் நின்றதும் அவள் எழுந்து நின்றாள்.

வண்டித் திரை ஒரு சாண் விலகியது.

"சோறு கொண்டாந்தியா? குடு, குடு. உன் புருஷன் திங்கான். என் புருஷனுக்கு வச்ச சோத்தைக் காக்கா திங்குது."

லூர்து மேரி தூக்குவாளியை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். மீன்காரப் பெண் வாய் திறந்தால் சந்தையே கேட்கும் என்பார்கள். அவள் வாய் திறக்காததுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் சாலமோன் எங்களை வரவேற்ற விதத்தில் வரவேற்பு குறைவு. "முடிஞ்ச கேஸுல என்னவே துப்பு?"

"முடிஞ்சதை இன்னும் கொஞ்சம் முடிக்க வந்திருக்கோம்" என்றேன்.

சிலுவையின் லாரி முற்றத்தில் நின்றது. கான்ஸ்டபிள் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இரண்டு முறை திருப்பி உதைத்து, மூன்றாம் முறை எஞ்சின் உயிர் பிடித்தது. குப், குப், குப், குப். டக்.

வண்டித் திரைக்குள்ளே வளையல் இல்லாத ஒரு கை, கம்பியை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது.

கான்ஸ்டபிளை உள்ளே அனுப்பிவிட்டு, பாக்கியசீலன் எஞ்சின் மூடியைத் திறந்தார். இந்தப் பழைய வண்டிகளில் வால்வுகளின் கால்கள் பக்கவாட்டில் வெளியே தெரியும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் டாப்பெட் என்று ஓர் இரும்பு விரல். அது எழும்பி வால்வைத் தூக்கும், இறங்கி விடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டைக் கனம் சந்து இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு தட்டு.

அவர் பிரம்பின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுநுனியை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஊன்றினார். காது கைவிட்டவருக்குப் பல் கேட்கும். கரும்பு கடிப்பவர் மாதிரி ஒன்று, இரண்டு என்று நகர்ந்தவர், மூன்றாவதில் நின்றார். சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து, ஓடுகிற எஞ்சினில் அந்தச் சந்துக்குள் நுழைத்தார்.

சத்தம் நின்றது. கார்டை உருவினார். டக்.

'துப்பறிவாளர்' என்று அச்சடித்து இரண்டு வருஷமாகப் பெட்டியில் தூங்கிய கார்டுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது.

"மூணாவது" என்றார். "மத்த ஏழு நட்டுலயும் பிசுக்கு பொருக்குத் தட்டிக் கிடக்கு. இதுல மட்டும் ஸ்பானர் விழுந்து வெள்ளையா கீறியிருக்கு. சாலமோன், இந்த மூணாவதுங்கிற பேச்சு நம்ம நாலு பேரைத் தாண்டக்கூடாது."

"போதும்" என்றது திரைக்குள்ளிருந்து குரல். "இந்தச் சத்தந்தான். எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

"ஓடட்டும், அம்மா."

"எதுக்கு?"

"சும்மா ஓடட்டும்."

ஓடியது. சாலமோன் கொட்டாவி விட்டார். நான் எஞ்சின் பக்கம் நின்று மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை, சீமை எஞ்சின் எண்ணெய் வாடை, அவ்வளவுதான். வெயில் ஏறியது. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியாத அளவு சூடு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். டக் இளைத்துக்கொண்டே வந்து, தூரத்தில் யாரோ தட்டுவது மாதிரி ஆகி, காணாமலே போய்விட்டது.

திரை படாரென்று விலகியது. "யாரு அணைச்சா?"

"யாரும் அணைக்கல. எஞ்சின் ஓடுது. சத்தந்தான் இல்ல" என்றார் பாக்கியசீலன். "சூட்டுல இரும்பு நீளும். வால்வோட காலு நீண்டு அந்தச் சந்தை அடைச்சுரும். குளுந்த வண்டியிலதான் இது தட்டும். போலீசு உங்களுக்குக் காட்டினது காலையில, குளுந்த வண்டி. அன்னைக்கு வந்த லாரி பாபநாசத்துல கிளம்பி நிக்காம வந்த லாரி. அடுப்பு மாதிரி கொதிச்சிருக்கும். அதுல சத்தம் எதுவரைக்கும் கேட்டீங்க?"

"வளைவு தாண்டி மறையுத வரைக்கும்."

"அப்ப இது அந்த வண்டி இல்ல. அந்த மாதிரி தட்டணும்னு யாரோ ராத்திரியோட ராத்திரியா இதைத் தளத்தி விட்டுருக்கான். சூடானா நின்னுபோகும்னு அவனுக்குத் தோணல."

சொர்ணாம்பாள் வெகுநேரம் அந்த லாரியையே பார்த்தார்.

"தினமும் சிலுவை கழுத்தை மனசுக்குள்ள நெரிச்சுட்டுத்தான் படுக்கப் போனேன்" என்றார். "அப்ப இத்தனை நாளா நான் யாரைக் கொன்னேன்?"

அம்மாளின் முகம் மெல்ல இறுகியது. கடைக்காரன் தவறான பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டால், திரும்பி வந்து நிற்கும் வாடிக்கைக்காரர்களின் முகம் அது.

"சரி. நெரிக்க வேண்டிய கழுத்து எங்க இருக்கு?"

*

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. நிரூபிக்கத்தான் வேண்டியிருந்தது.

நான் கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து ஒப்பித்தேன். சம்பவத்துக்குப் பிறகு நயினாரின் லாரி பாபநாசம் போகவே இல்லை. ரயில் ஸ்டேஷனிலிருந்து டவுன், டவுனிலிருந்து ரயில் ஸ்டேஷன். வியர்க்கும் முன்பே வீடு சேருகிற ஓட்டம். இன்னொன்று: யுத்த காலத்தில் சீமையிலிருந்து எஞ்சின் எண்ணெய்க் கப்பல் வராதபோது, எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றச் சொன்னார் நெல்லையப்பன். சிலுவை முடியாது என்று மல்லுக்கு நின்று, தூத்துக்குடியில் அலைந்து சீமை எண்ணெய் வாங்கி ஊற்றினான். நயினார், அத்தான் நெல்லையப்பன் சொன்னதைக் கேட்டு நடந்தான். கப்பல் வந்த பிறகும் நடந்தான், விளக்கெண்ணெய் மலிவு.

பாக்கியசீலன் மேஜையைத் தட்டினார். "அதுதான் அந்த வாடை. விளக்கெண்ணெய் நல்ல வழுக்குத்தான், ஆனா கருகினா வால்வுக் காலைச் சுத்தி அரக்கு மாதிரி ஒட்டிக்கிடும். வண்டி குளுந்து கிடந்தா வால்வு வழுக்கிக்கிட்டு வரும். சூடேறிக் காலு பருத்தா, அரக்கு பிடிச்சுக்கிடும். வால்வு பிந்தி வந்து மடார்னு விழும். சிலுவை வண்டி குளுந்தா தட்டும். அந்த வண்டி சூடானா தட்டும். அதான் சூடாக விடாம வச்சிருக்கான்."

"ஓட்டச் சொல்லி சாலமோன் உத்தரவு போட்டா?"

"உத்தரவு வந்த அன்னைக்கு ராத்திரியே வால்வைக் கழத்திச் சுரண்டிருவான். அவனுக்கே தெரியாம சூடாகணும். ஓடித்தான் சூடாகணும்னு இல்ல, நின்னுகிட்டே கொதிக்கும், அணைக்காம இருந்தா. ஏலே தாவூது, ஒரு ஆளை நிக்க வச்சு உன்னால எம்புட்டு நேரம் பேரம் பேச முடியும்?"

"அண்ணாச்சி, எங்க வாப்பா ஒரு சேலைக்கு மத்தியானம் லுஹர் முடிச்சு ஆரம்பிச்சு, பொழுதடைய மஃரிப் வரைக்கும் பேசுவாரு. நடுவுல அஸர் தொழுதுட்டு வந்து விட்ட இடத்துல இருந்து பேசுவாரு. நான் அவருக்கு ஒத்தை மகன்."

*

மறுநாள் உச்சி வெயிலில் ரயில் ஸ்டேஷன் முற்றம் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. உறவுக்காரர் கடையில் இரவல் வாங்கிய நாலு துணிப் பேல்களை அடுக்கி, அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். புளியமரத்தடியில் ஒரு கூண்டு வண்டி. அதன் நுகத்தடியில் சாய்ந்தபடி பிரம்போடு ஒரு வண்டிக்காரர், நம்முடைய பாக்கியசீலன். தலைப்பாகையைக் கழற்றிவிட்ட சாலமோன், ரயில் வருமா என்று பார்க்கிறவர் போல ரயில் இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நயினாரின் லாரி வந்தது. காதில் சிவப்புக்கல் கடுக்கன், நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை. பேலைப் பார்த்ததும் எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். அணைத்தால் மறுபடி ஹேண்டில் போட வேண்டும். உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். இரண்டு நிமிஷப் பேச்சுக்கு எந்த டிரைவரும் அணைக்கமாட்டான். இரண்டு நிமிஷமா என்பது என் கையில் இருந்தது.

"எங்கன போகணும் சாயபு?"

"பாபநாசம். அண்ணாச்சி கேக்குத கூலியைப் போல மூணு பங்கு தாரேன்."

"அங்கனல்லாம் வண்டி போகாது."

"நாலு பங்கு."

"போகாதுன்னா போகாது வே."

மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற எங்கள் குடும்பத்தில், நாலு பங்கு கூலியை யோசிக்காமல் வேண்டாம் என்று சொன்ன ஆளை யாரும் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை அவன் அங்கேயே ஒப்புக்கொண்டுவிட்டான். கோர்ட்டுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

"சரி, டவுன் வரைக்கும்? அங்க இருந்து மாட்டு வண்டி பார்த்துக்கிடுதேன்."

"அது வரும்."

"ஆனா இந்தப் போர்ட்டர்கள் காதுல கூலி விழவேண்டாம். முதலாளி காதுக்கும் எதுக்குப் போகணும்? துண்டு போட்டுப் பேசுவோம், அண்ணாச்சி."

அவன் கண்ணில் ஒரு மின்னல். முதலாளிக்குத் தெரியாத கூலி என்றால் அது முதலாளிக்குப் போகாத கூலி. வலது கையை நீட்டினான். நான் என் துண்டை இரண்டு கைகள் மேலும் போர்த்தினேன்.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது. வாய் ஊர்க்கதை பேசும், விரல் கணக்குப் பேசும். ஒன்று படியவேண்டும், அல்லது இரண்டு பேரும் சம்மதித்துக் கையை விடவேண்டும். பாதியில் ஒருவன் கையை உருவினால், அப்புறம் அவனோடு எந்தச் சந்தையிலும் யாரும் துண்டு போடமாட்டார்கள்.

அவன் என் ஐந்து விரலையும் அழுத்தினான். நான் இரண்டைப் பிடித்தேன்.

"ரெண்டா? பேலு ஒண்ணுக்கா?"

"மொத்தத்துக்கு."

"ஏ, சாயபு! வெயில்ல மண்டை கலங்கிட்டா?"

"கலங்கலை, காயுது. சரி, ஏத்துக்கூலி யாரோடது?"

"உம்மோடது."

"இறக்குத கூலி?"

"அதுவும் உம்மோடது."

"மழை வந்து பேலு நனைஞ்சா?"

"பங்குனியில மழையா வே?"

"போன தடவை அப்படிச் சொன்னவன்தான் என் பேலை நனைச்சான்."

ஒரு விரல் ஏறினேன். அரை விரல் இறங்கினேன். அவன் நாலுக்கு வந்தபோது, முதலில் பேசியது பேலுக்கா மொத்தத்துக்கா என்று மறந்துபோனவன் மாதிரி ஆரம்பத்துக்குப் போனேன். டவுனில் எந்தத் தெரு, கடை வாசல் மட்டுமா, உள்ளே வரைக்குமா, உள்ளே என்றால் எத்தனை படி. போர்ட்டர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். எவனோ எனக்காகவும் எவனோ நயினாருக்காகவும் பந்தயம் கட்டினான். வெற்றிலை துப்பக்கூட அவனை நான் விடவில்லை.

பின்னால் லாரியின் தண்ணீர்த் தொட்டி மூடியில் ஆவி மெல்ல எழும்பியது. அதோடு ஒரு வாடை. பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிற எண்ணெய், ஆனால் சட்டியில் மறந்துபோய்க் கருகினால் எப்படி நாறும், அப்படி.

குப், குப், குப், குப்.

குப், குப், குப், குப். டக்.

துண்டுக்கு அடியில் அவன் விரல் விலாங்கு மாதிரி துள்ளியது.

"சரி சாயபு, உம்ம விலைக்கே வாரேன், கையை விடும். வண்டி கொதிக்கி."

"கொதிக்கட்டும் அண்ணாச்சி. என் விலை எதுன்னே நான் இன்னும் சொல்லலியே."

"விடும்ங்கேன்!"

"துண்டுக்குள்ள குடுத்த கையை உருவுதாரே!" என்று நான் கூட்டத்தைப் பார்த்துக் கூவினேன். போர்ட்டர்கள் முகம் சுளித்து நெருங்கி நின்றார்கள். அவன் இழுத்தான். நான் ஐந்து விரலும் பிடித்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டதைவிட அதிகம் கொடுத்தேன்.

டக். டக்.

புளியமரத்தடியில் திரை விலகியது. வெள்ளைச் சேலை வெயிலில் இறங்கி நடந்து வந்தது. கூட்டம் தானாக வழி விட்டது.

"யாரும் அணைக்காதீங்க" என்றார் சொர்ணாம்பாள். லாரிக்கும் நயினாருக்கும் நடுவே வந்து நின்று, எஞ்சினோடு சேர்ந்து முணுமுணுத்தார். "குப், குப், குப், குப், டக்கு. கேக்குதா லே? நான் அன்னைல இருந்து இதைத்தான் கேக்கேன். குளிக்கும்போது கேக்கேன். காக்காய்க்குச் சோறு வைக்கும்போது கேக்கேன். இப்ப நீ கேளு."

"யாரு நீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது. இது சூட்டுல வருத சத்தம். ஆளை அடிச்சது சிலுவை வண்டி! அதுலதான் மூணாவது டாப்பெட்டு லூசாக் கெடக்கு, போயி பாருங்க!"

வண்டிக்காரர் பிரம்போடு எங்கள் பக்கம் வந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"கேக்கல தம்பி. எத்தனாவது?"

"மூணாவது!"

"கிழவனுக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமா."

"மூணாவதுங்கேன் வே!" என்று நயினார் தொண்டை கிழியக் கத்தினான். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

சாலமோன் தலைப்பாகையை எடுத்து நிதானமாகத் தலையில் வைத்தார். "மூணாவதுன்னு தெரிஞ்சவங்க நாலே பேரு. நானு, இவரு, இந்த அம்மா, இந்தச் சாயபு. நாலு பேரும் யாரிட்டயும் மூச்சு விடல. அஞ்சாவதா ஒருத்தனுக்குத் தெரியும்னா, அவன் ஸ்பானர் போட்டவனாத்தான் இருக்கணும்."

நயினாரின் வாயிலிருந்த வெற்றிலை சட்டையில் வழிந்தது. தரையில் உட்கார்ந்தான். கை மட்டும் துண்டுக்குள்ளே என்னிடம் இருந்தது.

"அத்தான்தான் தளத்தச் சொன்னாரு. விளக்கு ஏத்த நேரமில்ல, ஆளு நின்னது தெரியல... அத்தான்கிட்டச் சொன்னேன். சிலுவை நமக்கு அடங்காதவன், அவன் போகட்டும்னு அவருதான் சொன்னாரு."

வாப்பா சொன்னது சரிதான். முந்நூறு ரூபாய்க்கு நெல்லையப்பன் வாங்க வந்தது போன உயிருக்கு மன்னிப்பை அல்ல. இன்னோர் ஆளைப் பற்றிய சந்தேகம் வராமல் இருப்பதை.

சாலமோன் விலங்கை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மாள். "இவன் இங்கனயே இருக்கட்டும். இது நிக்குத வரைக்கும் கேக்கட்டும்."

சாலமோன் பாக்கியசீலனைப் பார்த்தார். பாக்கியசீலன், காது கேட்காதவர் ஆயிற்றே, வானத்தைப் பார்த்தார்.

யாரும் அணைக்கவில்லை. தொட்டித் தண்ணீர் கொதித்துத் தீர்ந்தது. ஆவி நின்று புகை வந்தது. டக், டக் என்பது டண், டண் ஆயிற்று. கடைசியில் உள்ளே எதுவோ எதையோ பிடித்துக்கொண்டு, அறுபடும் ஆடு மாதிரி ஒரு கத்தல் கத்தி, லாரி ஒரு முறை குலுங்கி நின்றது. இனி அதைக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

அப்போதுதான் சொர்ணாம்பாள் அழுதார். நின்றபடியே, முகத்தை மூடாமல்.

*

நெல்லையப்பனை அன்று சாயங்காலமே அழைத்துப் போனார்கள். அடுத்த நாள் சிலுவை வெளியே வந்தான். கறுத்து ஒடுங்கி, வெயிலுக்குக் கண் கூசி நின்றான். லூர்து மேரி தூக்குவாளியைத் திறந்து, அந்த வேப்பமரத்தடியிலேயே அவனை உட்கார வைத்து, முதல் கவளத்தைத் தானே ஊட்டினாள்.

நாங்கள் சொர்ணாம்பாளின் வண்டியில் வந்து சேர்ந்தோம். அம்மாள் இந்த முறை திரையை விலக்கிப் பேசவில்லை. இறங்கி நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"இந்த இடத்துல வச்சுத்தான் உன்னைக் குத்திச் சொன்னேன்" என்றார். "உன் புருஷன் முகத்துக்கு நேரா கை நீட்டினதும் நான்தான். அதுக்குப் பதில் சொல்லு. திட்டு. வாயில வந்ததைத் திட்டு. நின்னு கேக்கேன்."

சிலுவை எழப் போனான். லூர்து மேரி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கையைக் கழுவினாள். சேலை முந்தியில் துடைத்தாள். அவசரமே படவில்லை.

"திட்டமாட்டேன்" என்றாள். "திட்டிட்டா தீந்துரும்லா."

தூக்குவாளியை மூடினாள். புருஷனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் கிழக்கே, கடலுக்குப் போகிற ரஸ்தாவில் நடந்து போனார்கள்.

வண்டி முருகன்குறிச்சிக்குத் திரும்பியது. பேசாமல் இருக்க எனக்குத்தான் வராது.

"அம்மா, கணக்குத் தீந்துதா?"

சொர்ணாம்பாள் விரல் மடக்கினார். "ஓட்டினவன் ஒருத்தன். தளத்தச் சொன்னவன் ஒருத்தன். அந்த லாரி ஒண்ணு. செலவு முந்நூறும் அவனுதே. எனக்கு வரவேண்டியது வந்துட்டு."

"பற்றுக் கணக்குல ஏதாவது நிக்குதா?"

மடங்காமல் நின்ற சுண்டுவிரலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மீன்காரப் பொண்ணுகிட்ட இருந்து ஒரு சொல்லு" என்றார். "அது பாக்கி."